வல்வில் ஜேசிபி

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒற்றை அம்பு யானையைத் துளைத்தது. புலியின் வாய்க்குள் புகுந்து வெளியேறி, மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்தது. அப்படியும் வேகம் தீராமல் பக்கத்துப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது. புறநானூற்றில் வன்பரணர் பாடிவைத்த கணக்கு இது. இன்றும் ஆடி மாதம் அந்த மலையின் செம்மேட்டில் அவன் பேரில் அரசு விழா நடக்கிறது. மலர்க் கண்காட்சி உண்டு, கலைநிகழ்ச்சி உண்டு, அமைச்சர் உரை உண்டு.

எனக்கு ஓரிமேல் கொஞ்சம் பரிதாபம். மொத்தம் ஐந்தே உயிர். அதற்கு ஒரு பட்டம், ஒரு பாட்டு, ஒரு விழா. இன்றைக்கு நம் பல்கலைக்கழகம் ஒன்றில் பதிவாளர் ‘வளாகப் புதர் அகற்றும் பணி’ என்ற கோப்பில் கையெழுத்துப் போட்டால் போதும். மறுநாள் காலை வரும் ஜேசிபி மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் உடும்பு, கீரி, முயல், கௌதாரி, ஓணான், சாரைப்பாம்பு, அவற்றின் முட்டை, குட்டி என்று வம்சத்தோடு கணக்கை முடித்துவிடும். ஓரியின் அம்பு புற்றோடு நின்றது. ஜேசிபி புற்றிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. இத்தனை வல்லமைக்கு ஒரு புலவரும் பாட்டு எழுதவில்லை, பில் மட்டும் எழுதுகிறார்கள்.

பத்து நாளில் அந்த இடத்தில் கொரியன் கார்பெட் கிராஸ் விரிக்கிறார்கள். ஓரமாக கோனோகார்பஸ் வரிசை. குஜராத் அரசு 2023-லேயே தடை செய்த மரம், பிறகு தமிழ்நாட்டிலும் தடைக்கு வந்த மரம். ஆனால் சீக்கிரம் வளரும், இலை கொட்டாது, பறவை கூடு கட்டாது. வளாகப் பராமரிப்புக் குழுவின் கண்ணுக்கு இதைவிட ஒழுக்கமான மரம் உலகத்தில் கிடையாது. நடுவில் ஒரு சிமெண்ட் மான், ஒரு சிமெண்ட் கொக்கு, கொக்கின் வாயில் நீரூற்று. வாசலில் பலகை: ‘பல்லுயிர்ப் பூங்கா. திறந்துவைத்தவர்: மாண்புமிகு.’

பல்லுயிரை இப்படி ஒருவழியாகத் தீர்த்துக்கட்டியபிறகு, அதைப் பற்றி ஆராய்ச்சி செய்யக் கிளம்புகிறார்கள். எங்கே? கொல்லிமலைக்கு.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. தாவரவியல் துறை, விலங்கியல் துறை, உயிர்த்தொழில்நுட்பத் துறை, நாட்டு நலப்பணித் திட்டம் என்று கல்லூரிப் பேருந்துகள் பருவம் தவறாமல் ஏறுகின்றன. ஏழாவது வளைவில் ஒரு மாணவர் வாந்தி எடுக்கிறார், இருபதாவது வளைவில் பேராசிரியர். செம்மேட்டில் இறங்கி ஆளுக்கொரு முடவாட்டுக்கால் சூப் குடித்துவிட்டு, செடி அழுத்தும் சட்டத்தையும் பழைய செய்தித்தாளையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நுழைகிறார்கள். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மக்களின் மூலிகை அறிவு பற்றி வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளைக் கட்டிச் சுமந்தால் இன்னொரு பேருந்து வேண்டும். எந்த இலை எந்த நோய்க்கு, எந்தப் பட்டை எந்தக் கடிக்கு என்று அட்டவணை அட்டவணையாகப் போட்டிருக்கிறார்கள். முனைவர் பட்டங்கள் கிடைத்தன. பதவி உயர்வுகள் கிடைத்தன. அட்டவணையின் இரண்டாவது பத்தியில் பெயரில்லாமல் ‘தகவலாளர், ஆண், வயது 68’ என்று நிற்கிறவருக்கு என்ன கிடைத்தது? கட்டுரையின் கடைசியில் ஒரு வரி நன்றி. ஆங்கிலத்தில்.

அந்தப் பேட்டி எப்படி நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

“பெரியவரே, இந்தச் செடிக்கு உங்க ஊர்ல என்ன பேரு சொல்வீங்க?”

“இதுவா தம்பி? ஆடுதின்னாப்பாளை. இதுக்கா இம்புட்டு தூரம் ஏறி வந்தீங்க? கீழயே வயக்காட்டு ஓரமெல்லாம் கெடக்குமே.”

“எங்க ஊர்ல காணோங்க ஐயா.”

“உங்க காலேஜுல நூறு ஏக்கரு, எரநூறு ஏக்கருன்னு சொன்னீங்க?”

“ஆமாங்க. ஆனா அங்க எல்லாம் சுத்தமா வெச்சிருக்கோம்.”

பெரியவர் இதற்கு மேல் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். மலைக்காரர்களுக்கு விருந்தாளியின் மனம் நோகப் பேசத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதால் நான் கேட்கிறேன். ரோஜா அழகி, சிவப்புடல் அழகி போன்ற பட்டாம்பூச்சிகள் முட்டையிடுவது அந்த ஆடுதின்னாப்பாளையிலும் அதன் உறவுச் செடிகளிலும்தான். வேறு இலையைப் புழு தொடாது. எருக்கஞ்செடியை நம்பி வெந்தய வரியன் வாழ்கிறது. இந்த இரண்டு செடியையும் ‘களை’ என்று கணக்கெழுதி, களைக்கொல்லி அடித்துக் கருக்கிவிட்டு, அதே இடத்தில் ‘பட்டாம்பூச்சிப் பூங்கா’ என்று மூன்றடி அகலத் தகரப் பட்டாம்பூச்சியை நட்டுவைத்திருக்கிறீர்களே, அது எந்த இலையைத் தின்னும்? தமிழ் மறவன் என்ற பட்டாம்பூச்சியை 2019-ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அரசு அறிவித்ததும் வளாகங்களில் வினாடி வினா நடத்திப் பரிசு கொடுத்தீர்களே, பரிசு வாங்கிய பிள்ளையிடம் ஒரு கம்பளிப்புழுவைக் கையில் கொடுத்துப் பார்த்தீர்களா? அலறும். அலறத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

இந்த மலையில் சிறுதானியத்தின் கதையும் இதேதான். திருகுலச்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, பெருந்தினை, செந்தினை, சுருட்டைக் கேழ்வரகு என்று ஒவ்வொரு சரிவுக்கும் ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு ரகம் வைத்திருந்த இடம் கொல்லிமலை. எழுபதுகளிலிருந்து மரவள்ளி ஏறி வந்தது. கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். ரொக்கம் கையில் விழுந்தது. சாமை விழுந்தது. பிறகு மிளகுக்கொடி ஏற ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் நிமிர்ந்து நின்றது. மலைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் துறவிகள் அல்லர், அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் படிக்கின்றன. சாமையைக் குத்திப் புடைத்துப் பெண்களின் தோள் இற்றுப்போனது ஒரு பக்கம், விலை இல்லாதது மறுபக்கம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து இங்கே தங்கி, விதைகளைச் சேர்த்து, உமி நீக்கும் இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுவந்து, விற்க வழிசெய்து, கொஞ்சத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. ஒருவர் வந்து தங்கி வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

அப்புறம் 2023 வந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டு. ஒரே ஆண்டில் நம் உயர்கல்விக்குச் சாமை மேல் காதல் பொங்கியது. பன்னாட்டுக் கருத்தரங்கு, தேசியப் பயிலரங்கு, தினைப் பாயசம், வரகு பிஸ்கட், கம்பு கேக் மேல் கிரீமில் எழுதிய ‘வாழ்க உழவர்’. கருத்தரங்கு மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் விடுதிச் சமையலறை. அங்கே ஆயிரம் பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் சோறு வடிக்கிறார்கள். வாரத்தில் ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, கொல்லிமலைச் சாமையை நியாய விலைக்கு வாங்கிப் போட்டிருந்தால் அந்த மலையின் வளப்பூர் நாட்டிலும் சேலூர் நாட்டிலும் மரவள்ளிக்குப் போன சரிவில் கொஞ்சமாவது திரும்பியிருக்கும். செய்யவில்லை. விடுதி மளிகை டெண்டர் வேறு, கருத்தரங்கு நிதி வேறு. இரண்டுக்கும் தணிக்கைக்காரர் வேறு. 2024 ஜனவரி ஒன்றாம் தேதி காதல் முறிந்தது.

2002-ம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, தன் எல்லைக்குள் உள்ள செடி, கொடி, விலங்கு, விதை, வைத்திய அறிவு எல்லாவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். கொல்லிமலையின் வாழவந்தி நாடு ஊராட்சிக்கு அந்தக் கடமை உண்டு. இருநூறு ஏக்கரும், தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்ற பத்துப் பேராசிரியர்களும், அவர்களுக்குக் குளிரூட்டிய அறைகளும் வைத்திருக்கிற பல்கலைக்கழகத்துக்கு அது கிடையாது. எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர் எழுத வேண்டுமாம், எழுதியே பிழைக்கிறவருக்கு விலக்காம். 2023-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். பதிவேட்டுக் கடமையைத் துணைவேந்தருக்கும் சேர்ப்பார்கள் என்று ஒரு நப்பாசை. மீறினால் சிறை என்றிருந்ததை எடுத்துவிட்டு, அபராதம் கட்டினால் போதும் என்றார்கள்.

வளாகத்தில் செடி இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? நாக் பார்க்கிறது. தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு. அதன் ஏழாவது அளவுகோலில் ‘பசுமை வளாக முயற்சிகள்’ என்று ஒரு வரியும் ‘பசுமைத் தணிக்கை’ என்று ஒரு வரியும் உண்டு. மரம், செடியோடு அழகுபடுத்திய நிலம் இருக்கிறதா? பேட்டரி வண்டி ஓடுகிறதா? பிளாஸ்டிக் தடை இருக்கிறதா? படம் எடுத்து, இட அடையாளம் பதித்து, இணையத்தில் ஏற்ற வேண்டும். கூடு கட்டியிருக்கிறதா, குஞ்சு பொரித்ததா என்று கேட்கும் வரி என் கண்ணில் படவில்லை. குஞ்சு பொரித்ததற்குச் சான்றொப்பம் வாங்குவதும் கடினம்தான். இதற்கென்றே பசுமைத் தணிக்கை என்று ஒரு தொழில் முளைத்திருக்கிறது. காலையில் வருவார்கள், மரத்தை எண்ணுவார்கள், மாலையில் சான்றிதழ் தருவார்கள். எண்ணுவதற்கு வசதியாக மரங்களில் ஆணி அடித்து எண் பலகை மாட்டியிருக்கும். மரத்துக்கு வலிக்குமா என்பது வேறு அளவுகோலில் வரும் போலிருக்கிறது.

அந்த மதிப்பெண்ணின் நாணயம் எப்படிப்பட்டது? 2025 பிப்ரவரியில் ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஏ பிளஸ் பிளஸ் தரம் கொடுக்க லஞ்சம் கைமாறியதாகச் சொல்லி, நாக் ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் சிபிஐ கைது செய்தது. 37 லட்சம் ரூபாய் ரொக்கம், ஆறு மடிக்கணினி, ஒரு ஐபோன் கைப்பற்றியதாக அறிவித்தது. குற்றம் உண்மையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். எனக்கு எழுவது ஒரு சின்னச் சந்தேகம்தான்: அந்த ஏ பிளஸ் பிளஸ்ஸில் பசுமைக்கு எத்தனை ரூபாய் ஒதுக்கியிருப்பார்கள்? ஒரு கீரிப்பிள்ளைக்கு மடிக்கணினியில் கால்வாசியாவது தேறியிருக்குமா?

சிரித்து மயக்கிக் கொல்லும் பாவை ஒன்று கொல்லிமலையில் நின்றதாகப் பழங்கதை. ஆய்வுக் குழு வரும் வாரத்தில் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு அது பழங்கதை அல்ல. தொட்டிச் செடி வாடகைக்கு வருகிறது. வேலியோரம் வெள்ளையடிக்கிறார்கள். உதிர்ந்த இலையைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறார்கள், புகையோடு சேர்ந்து அதற்குள் இருந்த பூரானும் மண்புழுவும் வண்டும் போகின்றன. பட்டமரத்தைச் சாய்க்கிறார்கள். அதன் பொந்தில் குக்குறுவானோ புள்ளி ஆந்தையோ இருந்திருக்கும். வளாகமே பல்லைக் காட்டிச் சிரிக்கிறது.

நல்ல உதாரணமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அதில் நம் நிர்வாகத்துக்குப் பெருமை கொஞ்சம்தான். சென்னை கிறித்தவக் கல்லூரி 1937-ல் நெரிசலான ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்குப் போனது. எட்வர்ட் பார்ன்ஸ் என்ற ஆசிரியரும் அவர் மனைவியும் அந்தப் புதர் நிலத்தில் மரம் மரமாகத் தேடி வைத்தார்கள். பார்ன்ஸ் வாங்கிய சம்பளம் வேதியியலுக்கு. தாவரவியல் அவருக்குக் கிறுக்கு. தென்னிந்திய மலைகளில் அலைந்து செடிகளை அடையாளம் கண்டார், ஒரு செடிக்கு அவர் பெயரே வைத்தார்கள். இன்றைக்கு ஒரு வேதியியல் ஆசிரியர் மாலை நேரத்தில் மண்வெட்டியோடு நின்றால் ‘பணி வரையறைக்கு அப்பாற்பட்ட செயல்’ என்று குறிப்பாணை வரும். முந்நூற்றுச் சொச்சம் ஏக்கரில் அந்தப் புதர்க்காடு இன்னமும் நிற்கிறதென்றால், ஒரு தலைமுறை வைத்ததை அடுத்தடுத்த தலைமுறைகள் பெரிதாகத் தொடாமல் விட்டதுதான் காரணம். பெங்களூரில் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் தேவாங்கு வாழ்கிறது. அது கழகத்தின் திட்டத்தால் அல்ல, கிளையோடு கிளை தொட்டு நின்ற பழைய மரங்களால். தேவாங்குக்குத் தாவத் தெரியாது, கிளை விட்டுக் கிளை நடந்துதான் போகும். நடுவில் ஒரு மரத்தை எடுத்தால் அதன் உலகம் இரண்டாகிவிடும்.

சென்னை ஐஐடி பிறந்ததே கிண்டிக் காட்டைப் பிய்த்துக் கொடுத்த நிலத்தில். 1959. வெளிமானும் புள்ளிமானும் அங்கே குடியிருந்தவை, மாணவர்கள்தான் பின்னால் வந்தவர்கள். இன்றைக்கு அங்கே செத்த மான்களின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் கிலோக்கணக்கில் பிளாஸ்டிக். நாட்டின் முதல் தரத் தொழில்நுட்பக் கழகம்! வேதிப் பொறியியல் உண்டு, கழிவு மேலாண்மை ஆய்வகம் உண்டு, மாணவன் வீசிய சிப்ஸ் பாக்கெட்டை மான் வாய்க்குப் போகாமல் தடுக்கும் தொழில்நுட்பம் மட்டும் இன்னும் வளர்ச்சி நிலையில் இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிமானுக்கு வேண்டியது மரமல்ல, வெட்டவெளிப் புல். தூரத்தில் வருவது தெரிய வேண்டும், ஓட இடம் வேண்டும். வெற்றிடம் கண்டால் மரக்கன்று நடுகிற நம் வெறிக்கு இது புரியாது. புல்வெளியில் மரம் நட்டு வெளிமானைத் துரத்திவிட்டு அதையும் பசுமைக் கணக்கில் எழுதிக்கொள்வோம். இப்போது மியாவாக்கி காடு வேறு. பாவம், அகிரா மியாவாக்கி நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இயற்கையாக நின்ற காரை, கிளுவை, சூரை, ஆவாரையையெல்லாம் வழித்தெடுத்துவிட்டுப் பத்து சென்ட்டில் நெருக்கியடித்து நட்டு, ‘காடு உருவாக்கினோம்’ என்று அவர் பெயரை நாம் பலகையில் எழுதுவோம் என்று ஜப்பானில் இருந்துகொண்டு அவர் எப்படி ஊகித்திருப்பார்? சீமைக்கருவேலத்தை ஒழிப்பதாகச் சொல்லிக்கொண்டு வருகிற ஜேசிபிக்கு ஒரு முள்ளுக்கும் இன்னொரு முள்ளுக்கும் வித்தியாசம் தெரியாது. அதை ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருக்கும், அவரை யாரும் கேட்பதில்லை.

கோவையில் மருதமலை அடிவாரத்தில் பாரதியார் பல்கலைக்கழகம். மேலே காடு, கீழே வகுப்பறை. துணைவேந்தர் நாற்காலி ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்த வளாகத்தில் யானைகள் மட்டும் தவறாமல் வந்து வருகைப்பதிவு செய்தன. நாற்காலிக்கு ஆளுநர் ஆள் போடுவதா, அரசு ஆள் போடுவதா என்ற வழக்கெல்லாம் யானைக்கு இல்லை. அதன் பாட்டி போன தடம் அது, போகிறது. 2024 மே மாதம் அங்கே யானை தாக்கி ஒரு காவலாளி இறந்தார். இதில் எனக்கு அங்கதம் வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. அடிவாரத்தில் கட்டலாம் என்று முடிவெடுத்தவர்கள் வேறு யாரோ, அதற்கு நிதி ஒதுக்கியவர்கள் வேறு யாரோ. யானை வந்தால் எதிரே நிற்க வேண்டியது மட்டும் மாதச் சம்பளத்துக்கு இரவு முழுக்க விழித்திருக்கும் ஒரு காவலாளி. ‘வனவிலங்கோடு இணைந்து வாழ்தல்’ என்று குளிரூட்டிய அரங்கில் பேசுகிறவர்களே, இரவுப் பணிப் பட்டியலில் உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இணைந்து வாழ்வோம்.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். நான் செய்யச் சொல்லவில்லை. செய்யாதீர்கள் என்கிறேன். இலையைக் கொளுத்தாதீர்கள். எருக்கைப் பிடுங்காதீர்கள். பட்டமரத்தை விழும்வரை நிற்கவிடுங்கள். மரத்தடியில் சிமெண்ட் மேடை கட்டி வேரை மூச்சுத்திணற வைக்காதீர்கள். குளத்தின் நான்கு கரைக்கும் கல் பதிக்காதீர்கள், தவளை ஏற ஒரு கரை மண்ணாக இருக்கட்டும். இரவு முழுக்க ஆளில்லாத சாலைக்கு எரியும் விளக்கில் பாதியை அணையுங்கள். பாம்பைக் கண்டால் தடியை எடுக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வளாகத்தில் மூன்றில் ஒரு பங்கை வேலி போட்டு, வேலிக்கு உள்ளே போகாமல் இருங்கள்.

இதற்கு ஆகும் செலவு அநேகமாக ஒன்றுமில்லை. அதுதான் இந்த யோசனையின் பெருங்குறை. செலவில்லாத வேலைக்கு மதிப்பீடு கிடையாது, மதிப்பீடு இல்லாமல் டெண்டர் கிடையாது, டெண்டர் இல்லாமல் ஒப்பந்தக்காரர் கிடையாது, ஒப்பந்தக்காரர் இல்லாமல் அவர் யாருக்கு எத்தனை சதவீதம் கொடுப்பார்? ஒன்றும் செய்யாமல் விட்ட புதரை எந்த அமைச்சர் வந்து திறந்துவைப்பார்? கல்வெட்டை எதில் பதிப்பது, எருக்கஞ்செடியிலா?

கொல்லிமலைக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. அறப்பளீசுவரர் கோயிலடியில் ஓடும் ஆற்று மீனை யாரும் பிடிப்பதில்லை, அது சாமி மீன். சாமிக்காடு என்று விட்ட இடத்தில் விறகும் வெட்டுவதில்லை. எந்தக் கோப்பும் இல்லை, குழுவும் இல்லை, தணிக்கையும் இல்லை. பயம் மட்டும்தான். மூடநம்பிக்கை என்று பகுத்தறிவோடு எழுதிக் குறித்துக்கொண்டு வருகிற ஆய்வாளரிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: உங்கள் பகுத்தறிவு ஐம்பது ஆண்டில் காப்பாற்றிய ஒரு ஏக்கரைக் காட்டுங்கள். மலை உச்சியில் பாக்சைட்டுக்குத் தோண்டிய குழிகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்தக் குழிகளில் பயம் இல்லை, முழுக்க முழுக்க அறிவியல்தான்.

அப்புறம் ஹைதராபாத். 1974-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம், அதை ஒட்டி கஞ்ச கச்சிபவுலியில் 400 ஏக்கர். பாறையும் புதரும் ஏரியும், மயில், புள்ளிமான், நட்சத்திர ஆமை. நிலம் சட்டப்படி தன்னுடையது என்று தெலங்கானா அரசு வழக்கில் வென்றிருந்தது. அதை ஐடி நிறுவனங்களுக்கு ஏலம் விடத் திட்டம். 2025 மார்ச் கடைசியில், உகாதியும் ரம்ஜானும் சேர்ந்த தொடர் விடுமுறை பார்த்து, வரிசையாக இயந்திரங்களை இறக்கினார்கள். நீதிமன்றம் பூட்டியிருக்கும் நாளில் மரம் வெட்டுகிறவனுக்குச் சட்டம் நன்றாகத் தெரியும் என்று அர்த்தம். இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு வெட்டினார்கள். மயில்கள் அலறியதை விடுதி ஜன்னலிலிருந்து பிள்ளைகள் படம் பிடித்தார்கள். தடுக்க ஓடிய மாணவர்களைப் போலீஸ் இழுத்துப்போனது. அங்கே மானும் இல்லை, புலியும் இல்லை, வளர்ச்சியைத் தடுக்கிற சில குள்ளநரிகள்தான் இருக்கின்றன என்று முதலமைச்சர் ரேவந்த் ரெட்டி சட்டமன்றத்தில் சொன்னார். நம் ஊர்த் துணைவேந்தர்கள் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவதில்லை, அந்த வகையில் அவரைப் பாராட்டலாம்.

அந்தப் பிள்ளைகளில் பலர் தாவரவியல் படிப்பவர்கள்கூட அல்லர். கட்டுரை எழுதுவதற்கு அவர்களுக்கு எந்த மலைக்கும் ஏற வேண்டியிருக்கவில்லை. ஜன்னலைத் திறந்தார்கள், காது கேட்டது, கீழே ஓடினார்கள். பேராசிரியர்களும் ஓடினார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும், தமிழ்நாட்டுப் பேராசிரியர்கள் படித்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, எல்லா வேலையையும் நிறுத்தியது. அதற்குள் சுமார் நூறு ஏக்கர் போயிருந்தது. அவ்வளவு என்ன அவசரம் என்று கேட்டார் நீதிபதி கவாய். உத்தரவை மீறினால், அழித்ததை மீட்கத் திட்டம் தராவிட்டால், தலைமைச் செயலாளர் அதே இடத்தில் ஏரிக்கரையில் கட்டப்படும் தற்காலிகச் சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று நீதிமன்றம் எச்சரித்தது.

பல்கலைக்கழக வளாகங்களில் நான் மனமார ஒப்புக்கொள்ளும் ஒரே கட்டடம் இதுதான். ஏரிக்கரையோரம், எருக்கும் ஆவாரையும் கலையாமல், ஓலைக் கூரை போட்டுச் சின்னதாகக் கட்டினால் போதும். ஜன்னல் பெரிதாக இருக்கட்டும். உள்ளே இருப்பவருக்கு மயில் சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும். பதிவாளர், பராமரிப்புப் பொறியாளர், பசுமைத் தணிக்கையாளர் என்று மூன்று அறை. இதற்கு மட்டும் டெண்டர் விடுங்கள்.